ஓர் அங்குல வீரனும் ஒரு தாயின் கவலையும்

பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது கைத்தொலைபேசிதான். ஆனால் பிரித்தானியாவில் பதின்ம வயதினர் முதல் ஓய்வூதியம் பெறுவோர் வரை பலர் மணிக்கணக்காக மேசையில் குனிந்திருந்து செய்யும் கைவேலையொன்று உண்டு. ஓர் அங்குலத்தைச் சற்றே தாண்டும் போர்வீரர் உருவங்களை ஒட்டி, வர்ணம் தீட்டி, பின் மேசையில் அணிவகுத்துத் தாயக்கட்டை உருட்டி விளையாடுவதே அது.

2023 இல் லண்டனிலுள்ள அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது இதனை அருகிருந்து பார்த்தேன். அவரது பதினைந்து வயது மகனுக்கு இதே வேலை. "சண்டைக்குப் பயந்து ஓடி வந்த வீட்டுக்குள்ள இவன் சண்டைக்காரரைக் கொண்டுவந்து அடுக்கிறான்" என்பது அக்காவின் ஆதங்கம். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்த ஆதங்கத்தை இலேசாக ஒதுக்கிவிட முடியாது.

எங்கிருந்து வந்தது?

1893 இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே வெறுமையான ஈயப் பொம்மை வீரர்களை வார்க்கத் தொடங்கியது. அவற்றுக்குப் பெரும்பாலும் பெண்களே வர்ணம் தீட்டினர். 1913 இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் இத்தகைய பொம்மைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 'லிட்டில் வோர்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். உண்மையான போர் எத்துணை மடமையானது என்று அந்நூலின் முடிவில் அவரே எழுதினார். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

இன்று இத்துறையில் பெயர்பெற்றது 1975 இல் தொடங்கிய கேம்ஸ் வேர்க்‌ஷொப் நிறுவனம். நொட்டிங்ஹாம் நகரைத் தலைமையகமாகக் கொண்ட இது, 1983 இல் 'வோர்ஹமர்' விளையாட்டை வெளியிட்டது.

பொறுமையின் பாடம்

முதலில் வார்ப்புத் தழும்புகளைக் கத்தியால் சுரண்டி நீக்குகிறார்கள். அடிப்பூச்சு காய்ந்த பின் அக்கிரிலிக் வர்ணத்தைத் தண்ணீரில் இளக்கி மெல்லிய பூச்சாக இருமுறை தீட்டுகிறார்கள். தடிப்பாகப் பூசினால் முகத்தின் நுணுக்கம் மறைந்துவிடும். அடுத்து நீர்த்த கரும் சாயம். அது மடிப்புகளுக்குள் இறங்கி நிழலாகிறது. மேடான இடங்களில் இளநிறம் ஏற்றி ஒளி காட்டுகிறார்கள். கண் வரைவதுதான் கடினம். மூச்சை அடக்க வேண்டும். ஓர் உருவத்துக்குப் பல மாலைகள் போய்விடும்.

"இதில் யாரடா நல்லவர்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் நல்லவரில்லை சித்தி" என்றான். அன்றிரவு அக்கா அதே மேசையில் அமர்ந்து 1995 ஐப் பற்றி மகனுக்கு முதன்முறையாகச் சொன்னார். அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். சமூகவியல் வகுப்பில் 'தலைமுறை மௌனம்' என்று படித்தது அங்கே கலைந்ததைக் கண்டேன்.

தூரிகையும் உதடும்

தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் இவ்வேலையில் பலருக்கு உண்டு. சகோதரிகளே, இது ஆபத்தானது. முதலாம் உலகப் போர்க் காலம் தொட்டு அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வர்ணம் தீட்டிய இளம் பெண்கள் அவ்வாறே செய்யப் பழக்கப்பட்டனர். தாடை எலும்பு அழுகிப் பலர் இறந்தனர். ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928 இல் இணக்கமாக முடிந்து நட்டஈடு கிடைத்தது. இன்றைய வர்ணங்களில் ரேடியம் இல்லை. ஆயினும் வர்ணம் வாய்க்குரியதல்ல.

தாய்மார் கவனத்திற்கு

யன்னலைத் திறந்து வையுங்கள். அடிப்பூச்சு விசிறுவது வீட்டுக்கு வெளியே நடக்கட்டும். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம். அவற்றைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, தொட்ட பின் கை கழுவச் செய்யுங்கள். தூரிகையைக் கூராக்க ஈரத்துணி போதும்.

எல்லாவற்றிலும் மேலாக, பொம்மையைப் பறிக்குமுன் பிள்ளையின் அருகில் ஒரு நாற்காலியைப் போட்டு அமருங்கள். போரை விளையாட்டாக மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, அதை வாழ்ந்து கடந்தவர்களின் வாயிலிருந்தே உண்மை கிடைக்க வேண்டும். அதைச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் வேறு யார்?