தள்ளிப்போகும் மாதவிலக்கு, தடிக்கும் கருப்பைச் சவ்வு

கருப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வு எண்டோமெட்ரியம். மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கிறது. கருமுட்டை வெளியேறியபின் சுரக்கும் புரோஜெஸ்ட்ரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்துகிறது. அதன் அளவு இறங்கியதும் சவ்வு உதிர்ந்து மாதவிலக்கு ஆகிறது. முட்டை வெளியேறாத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் சுரப்பதில்லை. சவ்வின் வளர்ச்சிக்குக் கடிவாளமும் இல்லை.

கோளாறு தெரிவது கருப்பையில் என்றாலும், அதன் வேர் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையில் ஆண் ஹார்மோனைப் பெருக்கி, முட்டை முதிர்வதைக் கெடுக்கிறது. பாலின ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக உற்பத்தி செய்வதும் இதனால்தான். 'நீர்க்கட்டி' என்று பேச்சில் வழங்கும் பி.சி.ஓ.எஸ். உள்ள பல பெண்களிடம் இவை அனைத்தும் சேர்ந்தே காணப்படுகின்றன. பிடரியில் படரும் வெல்வெட் போன்ற கருமை மிகை இன்சுலினின் வெளிப்படையான அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுபவர்கள் ஏராளம். இந்தியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் தேவை.

மூன்று மாதம் வராமல் இருந்து, பிறகு நாள்கணக்கில் கட்டிகட்டியாகப் போவதே வழக்கமான அறிகுறி. நாற்பதை நெருங்கும் பெண்ணிடம், 'நிற்கப்போகிற காலம், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடுவது பெரும் தவறு. ஸ்கேனில் தெரியும் தடிமன் சுழற்சியின் நாளுக்கேற்ப மாறும் என்பதால், மாதவிலக்கு நிற்காத வயதில் அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. மெல்லிய குழாயால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான் தெளிவு தரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2014 வகைப்பாடு சவ்வின் இந்த மிகைவளர்ச்சியை இரண்டாகப் பிரிக்கிறது. செல்களில் பிறழ்வு இல்லாதது புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. பிறழ்வு உள்ள வகையிலோ, புற்றுநோய் ஏற்கெனவே உடன் ஒளிந்திருக்கவும் கூடும். குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்குக் கருப்பையை அகற்றப் பரிந்துரைப்பது அதனால்தான்.

முதல் வகைக்கு அவசரமாகக் கருப்பையை எடுக்க வேண்டியதில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் கசியும் கருப்பைச் சாதனமே முதல் தேர்வு. அது பொருந்தாதவர்களுக்குப் புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரைகள். குறைந்தது ஆறு மாதம் சிகிச்சை தொடர வேண்டும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை வெளியேறுவது சீராகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே சோதிக்கப்பட வேண்டும். கருப்பையை எடுத்துவிட்டால் அவை போய்விடுவதில்லை. ஆறு மாத இடைவெளியில் எடுக்கும் பயாப்ஸி இருமுறை தொடர்ந்து இயல்பாக வரும்வரை கண்காணிப்பு நீளும். உடல் நிறைக் குறியீடு 35-ஐ எட்டியவர்களுக்கு அதன் பிறகும் ஆண்டுதோறும் பரிசோதனை பரிசீலிக்கப்படுகிறது.