சாம்பல் பாறைக்குச் சிவப்பு பூசியது யார்?

வா கண்ணு, இன்றைக்கு உனக்கு ஓர் ஓவியத்தின் கதை சொல்லப்போகிறேன். சின்னப் படம் இல்லை. 7 அடி உயரம், 12 அடி அகலம்! முழுக்க முழுக்கப் பாறை, பள்ளம், மேகம்.

வரைந்தவர் தாமஸ் மோரன். 1837-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். அப்பா கைத்தறி நெசவாளி. இயந்திரத் தறிகள் வந்து பிழைப்பு போனதும், குடும்பமே கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. அப்போது மோரன் உன்னைவிடச் சின்னப் பையன். ஏழு வயது.

1873-இல் அவர் அரிசோனாவின் வறண்ட நிலத்துக்குப் போனார். அங்கேதான் கிராண்ட் கேன்யன் இருக்கிறது. கொலராடோ ஆறு லட்சக்கணக்கான ஆண்டுகளாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம்! விளிம்பில் நின்று பார்த்து வரைந்துகொண்டு, ஊர் திரும்பியபின் பெரிய துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார்.

"பாறை ஏன் சிவப்பாக இருக்கிறது?" என்றுதானே கேட்கப்போகிறாய்? சபாஷ்! அதைத்தான் எதிர்பார்த்தேன்.

மழையில் கிடந்த ஆணியைப் பார்த்திருப்பாய். அதன் இரும்போடு காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்தால் துரு. பாறைக்குள்ளும் இரும்பு உண்டு. அதுவும் அப்படித்தான் சிவக்கிறது.

இன்னொரு வேடிக்கை கேள். அங்கே 'சிவப்புச் சுவர்' என்றே பெயர் வாங்கிய ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருக்கிறது. அதை உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம்! மேல் அடுக்குகளின் துருவை மழைநீர் கழுவிக் கொண்டுவந்து அதன் முகத்தில் பூசிவிட்டது. துருப்பிடித்த தகரக் கூரையிலிருந்து தண்ணீர் வழிந்தால் வெள்ளைச் சுவரில் செம்பழுப்புக் கோடுகள் விழுமே, அதேதான். புரிகிறதா?

சரி, ஓவியனுக்குச் சிவப்பு எங்கே கிடைக்கும்? காவிக்கல் தெரியுமல்லவா? அதன் சிவப்பும் இரும்புத் துருதான். காவி மண்ணை நைசாக அரைத்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் எண்ணெய் வண்ணம் தயார்.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேள். ஈரத்துணி காய்வது எப்படி? தண்ணீர் ஆவியாகிப் போவதால். ஆளிவிதை எண்ணெய் அப்படிக் காய்வதில்லை. அது ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய தோல்போல இறுகுகின்றன. பட்டம் விடும் பிள்ளைகளின் நூல்கள் சிக்கிக்கொண்டால் எளிதில் பிரியாதே, அந்த மாதிரி. அந்த இறுகலுக்குள் வண்ணம் பத்திரமாக மாட்டிக்கொள்கிறது.

ஆக, பாறையைச் சிவக்கவைத்த அதே ஆக்சிஜன்தான் அதன் படத்தையும் துணியில் இறுக்கிப் பிடித்திருக்கிறது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் அத்தனை சந்தோஷம்!

1874-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலர் கொடுத்து அந்த ஓவியத்தை வாங்கியது.

நாளைக்கு அம்மாவிடம் கேட்டுவிட்டு, அடுக்களையில் நல்லெண்ணெய் ஜாடியின் அடியைத் தொட்டுப் பார். பழைய எண்ணெய் வழிந்த இடத்தில் விரல் ஒட்டும். ஏன் என்று எனக்கு எழுது, கண்ணு.