தூணின் கணக்கும் கையெழுத்தின் கணக்கும்

கான்கிரீட் சொல்லாமல் இடிவதில்லை. பெரும்பாலும் முதலில் விரிசல் விடும். டாக்கா நகருக்கு வெளியே சவாரில் நின்ற ராணா பிளாசா கட்டடம் அப்படித்தான் எச்சரித்தது. 2013 ஏப்ரல் 23 அன்று அதன் தூண்களிலும் சுவர்களிலும் விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் இருந்த 5 ஆடை ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். மின்சாரம் போனது, ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, சற்று நேரத்தில் 8 மாடிக் கட்டடம் சரிந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 2,500 பேர் காயமடைந்தனர்.

ஏன் சரிந்தது? கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கு அதன் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம். கட்டடத்தின் சொந்த எடை, அதில் வந்து சேரும் ஆட்கள், பொருள்களின் எடை இரண்டையும் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் கையிருப்பு வலிமை வைத்துத் தூணை வடிவமைப்பார்கள். ராணா பிளாசாவில் அந்தக் கையிருப்பு எல்லாப் பக்கமும் கரைந்திருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று திட்டமிட்ட கட்டடத்தில் தையல் இயந்திரங்களும் துணிக் கட்டுகளும் ஆயிரக்கணக்கான ஆட்களும் ஏறினார்கள். அனுமதிக்கு மேல் மாடிகள் எழுந்தன. ஜெனரேட்டர்களின் அதிர்வு வேறு. இந்த நிலையில் ஒரு தூண் முறிந்தால் அதன் சுமை பக்கத்துத் தூண்களுக்குப் போகும். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் அவையும் ஒவ்வொன்றாக முறியும். பொறியாளர்கள் இதைத் தொடர் சரிவு என்பார்கள்.

இதில் எதுவும் புதிய அறிவியல் இல்லை. மீள்துள்ளல் சுத்தியல் ஒன்றைத் தூணில் அழுத்தினால், அது எவ்வளவு எகிறித் திரும்புகிறது என்பதைக் கொண்டு கான்கிரீட்டின் கடினத்தை மதிப்பிடலாம். காந்தப்புலக் கருவியைத் தூணின் மேல் நகர்த்தினால் உள்ளே எத்தனை கம்பி, எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் உருளை வடிவில் ஒரு துண்டு வெட்டியெடுத்து, ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கலாம். இத்தனையும் கையில் இருந்தும் தூண்களின் வலிமை காலத்தோடு சோதிக்கப்படவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்களுக்குத் தைத்துத் தரும் ஆலைகளுக்குத் தணிக்கையாளர்களை அனுப்பி வந்தன. ராணா பிளாசாவின் சில ஆலைகளுக்கும் வந்து போனார்கள். ஆனால் அந்தத் தணிக்கைகள் தூணின் வலிமையைப் பார்க்கவில்லை. அறிக்கைகள் தொழிலாளர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த மாதமே ஒரு புதுவகை ஒப்பந்தம் பிறந்தது. வங்காளதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். எச் அண்டு எம், இண்டிடெக்ஸ், பிரைமார்க் உள்ளிட்ட 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஒரு பக்கம். உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் உள்நாட்டுச் சங்கங்களும் மறுபக்கம். வழிநடத்தும் குழுவில் இரு தரப்புக்கும் சம இடம். நடுநிலைத் தலைமை பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்புக்கு. 1919இல் தொடங்கப்பட்டபோதே அரசு, முதலாளி, தொழிலாளி மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்த அமைப்பு அது. கட்டடம் உறுதியா என்பதில் முரண்பட்ட நலன்கள் மோதும்போது அப்படி ஒரு நடுவர் தேவைப்பட்டார்.

ஒப்பந்தத்தின் பொறியாளர்கள் 1,600க்கும் மேற்பட்ட ஆலைகளுக்குள் போனார்கள். சில கட்டடங்களை உடனே காலிசெய்ய வேண்டியிருந்தது. எந்தத் தளத்தில் எவ்வளவு எடை வைக்கலாம் என்று கணக்கிட்டு எழுதி வைக்கச் சொன்னார்கள். வாசல்களில் இருந்த பூட்டக்கூடிய இரும்பு மடக்குக் கதவுகளை அகற்றச் சொன்னார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 2012 நவம்பரில் தாஸ்ரீன் என்ற ஆடை ஆலையில் தரைத்தளத்தில் அடுக்கியிருந்த துணியும் நூலும் பற்றியெரிந்தபோது, மூடப்படாத மாடிப்படிகள் புகைபோக்கியாக மாறின. 110க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படிக்கட்டைச் சுற்றித் தீயைத் தாங்கும் கதவுகள் போட்டால் புகை ஏறாது, ஆட்கள் இறங்கலாம்.

சோதனை அறிக்கைகள் ஆலையின் பெயரோடு பொதுவில் வெளியாயின. பழுதுபார்க்க ஆலை மூடப்பட்டால் 6 மாதம் வரை தொழிலாளியின் வேலையும் சம்பளமும் காக்கப்பட வேண்டும் என்று விதி இருந்தது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையும் எழுதப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாக்குத் தவறினால் வழக்குத் தொடரலாம். 2016இல் தொழிற்சங்கங்கள் இரண்டு நிறுவனங்கள் மீது தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் நீதிமன்றத்துக்குப் போயின. இரண்டு வழக்குகளும் சமரசத்தில் முடிந்தன. ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி ஆலைகளின் சீரமைப்புக்குப் போனது.

விருப்பத்தை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இதே கதையில் இருக்கிறது. ராணா பிளாசாவில் பாதிக்கப்பட்டோருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பொறுப்பில் ஓர் அறக்கட்டளை நிதி அமைந்தது. அந்த அமைப்பின் 121ஆம் உடன்படிக்கையின் அடிப்படையில், இழந்த வருமானத்தையும் சார்ந்திருப்போரையும் வைத்துக் கணக்கிட்டதில் 3 கோடி டாலர் தேவைப்பட்டது. கணக்கு கச்சிதமாக இருந்தது. ஆனால் பணம் தருவது அவரவர் விருப்பம் என்பதால் முழுத்தொகை சேர 2015 ஜூன் ஆகிவிட்டது. கணவனையும் மகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தன.

2022 ஜூனில் பாதுகாப்பான பணியிடத்தையும் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அறிவித்தது. வங்காளதேச ஒப்பந்தத்தின் பாதையில் பாகிஸ்தானிலும் அதற்கடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. கண்ணியமான வேலைக்காகக் கைகோத்திருக்கிறோம் என்று இன்று பல நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அப்படி ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: சோதித்தது யார்? அறிக்கையைத் தொழிலாளி படிக்க முடியுமா? வாக்கை மீறினால் எந்த நீதிமன்றம் கேட்கும்? மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால் மட்டுமே அந்தக் கூட்டணியை நம்பலாம்.