பழைய காருக்குப் புதிய வண்ணம்



பழைய மோட்டார் காரொன்றுக்கு வண்ணம் பூச நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, எந்த நிறம் பூசலாம் என்பதே. உண்மையில் அது கடைசியில் எழ வேண்டிய கேள்வி. வரிசையை மாற்றியதால் ஓராண்டுக் காலத்தை இழந்தவன் நான். பாடத்தில் தவறியவன் அப்பாடத்தைச் சற்று நன்றாகவே சொல்லிக் கொடுக்க இயலும் என்பது என் ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்த உண்மை. ஆகவே அதனை இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது, என் தந்தையார் 1966-ஆம் ஆண்டில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த இவ்வகைக் கார், 1961 முதல் சென்னையிலேயே செய்யப்பட்டது. இதனை வரைந்தவர் மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்த இரவில், எங்கள் காரைக்கால் வீட்டுக் கொட்டகையின் கூரை இந்தக் காரின் மேல் சரிந்தது. நான் ஓய்வு பெற்றதும், எண்பத்தெட்டு வயதான என் தாயார், "வருகிற ஆனி மாங்கனித் திருவிழாவுக்கு இதில் ஏற்றிக்கொண்டு போவாயா?" என்று கேட்டார். போகலாம் என்று வாக்களித்தேன்.

ஹெரால்டின் உடல் ஒரே வார்ப்பாகச் செய்யப்பட்டதன்று. அதனைச் செய்த நிறுவனத்துக்கு உடற்பகுதிகளைச் செய்து தந்த தொழிற்சாலை 1953-இல் வேறொரு கார் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. முழு உடலையும் ஓரிடத்தில் செய்யும் வசதி இல்லாமையால், பகுதி பகுதியாகப் பல பட்டறைகளில் செய்து, தனியான இரும்புச் சட்டத்தின் மேல் போல்ட் கொண்டு பூட்டும் முறையை வகுத்தனர். இதனால் வீட்டு முற்றத்திலேயே இந்தக் காரைப் பிரித்துவிடலாம். ஆனால் பிரிப்பது எவ்வளவு எளிதோ, பொருந்துமாறு மீண்டும் பூட்டுவது அவ்வளவு அரிது.

பிரிக்கும்போதே பூட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் போல்ட், நட்டு, வாஷர் ஆகியவற்றைத் தனித்தனி டப்பாவில் இட்டுப் பெயர் எழுதுங்கள். உடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய அணைத்தகடுகள் இருக்கும். எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்வது மிகவும் இன்றியமையாதது. கதவின் இடைவெளி நேராக அமைவதும் கோணுவதும் அவற்றைப் பொறுத்தவை.

அடுத்தது துரு. எங்களைப் போன்ற கடற்கரை ஊரில் காற்றே உப்பைச் சுமந்து வருகிறது. உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் துரு ஓய்வதில்லை. ஆதலின் தகட்டை முதலில் நல்ல தண்ணீரால் நன்கு கழுவிக் காயவைத்து, பின்னரே துருவைத் தேய்த்தெடுக்க வேண்டும். உப்பு உள்ளிருக்க மேலே பிரைமர் பூசுவது, ஆறாத புண்ணின் மேல் கட்டுப் போடுவதை ஒக்கும். பள்ளங்களை இயன்றவரை டிங்கர் வேலையாலேயே தட்டி நிமிர்த்த வேண்டும். எஞ்சிய சிறு குறைகளை மட்டுமே பட்டியால் நிரப்பலாம். பட்டி தடித்தால் நாளடைவில் வெடிக்கும். அது நீரையும் உறிஞ்சும். ஆகவே அதனை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்து, தாமதமின்றிப் பிரைமர் பூசிவிட வேண்டும்.

இதுவரை நான் தவறவில்லை. தவறியது இதற்குப் பின்னர். திருவிழாவுக்குள் முடிக்கும் அவசரத்தில், ஐப்பசி மாதத்திலேயே வண்ணம் பூசினேன். நான் பூசியது நைட்ரோசெல்லுலோஸ் வண்ணம். அதிலுள்ள தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகட்டின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, வண்ணம் பால் தெளித்தாற்போல் வெளுத்துப்போகும். மழைக்கால ஈரத்தில் என் கரு நீலம் சாம்பலாயிற்று.

இரண்டாவது தவறு இதனினும் பெரிது. வண்ணம் பூசுமுன் எல்லாப் பகுதிகளையும் ஒருமுறை பூட்டிப் பார்க்கவில்லை. வண்ணம் காய்ந்த பின் கதவை மாட்டினேன். அது பின்பகுதியில் உரசி, வண்ணத்தை இரும்பு தெரியுமளவு சுரண்டிவிட்டது. அணைத்தகடுகளை மாற்றி மாற்றி வைத்ததில் மேலும் பல கீறல்கள் விழுந்தன. அனைத்தையும் தேய்த்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த ஆனித் திருவிழா வந்து போய்விட்டது.

மறுமுறை, பிரைமர் நிலையிலேயே வண்டியைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, முழுதும் பூட்டினேன். கதவுகள் தடையின்றி மூடும்வரை சரிசெய்து, ஒவ்வோர் இடத்தின் கணக்கையும் எழுதிவைத்து, மீண்டும் பிரித்தேன். பங்குனி மாதத்தில், பனியீரம் விலகிய பின், கடற்காற்று எழுமுன், முற்பகலில் மெல்லிய பூச்சுகளாகப் பூசினேன். பூட்டும்போது விளிம்புகளில் துணி ஒட்டிக்கொண்டேன். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, எல்லாம் பொருந்திய பின்னரே இறுக்கினேன்.

எச்சரிக்கை ஒன்று கூறியாக வேண்டும். இக்காலத்தில் கெட்டியாக்கி கலந்து பூசும் இரட்டைக் கலவை வண்ணங்கள் பலவற்றில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அதன் நுண்துளிகள் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லவை. மூக்கில் கட்டும் துணி அதற்குத் தடையாகாது. தூய காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடி வேண்டும். அஃது இல்லாதவர்கள் அவ்வேலையை உரிய வசதியுள்ள பட்டறையிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

மறு ஆனியில் கார் புறப்பட்டது. ஆனால் அந்த ஓராண்டில் என் தாயாரின் கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. நான் அரும்பாடுபட்டுப் பூசிய நீலத்தை அவர் காணவில்லை. உள்ளே அமர்ந்ததும் கதவைச் சாத்தினேன். "உங்கள் அப்பா சாத்துகிற மாதிரியே இருக்கிறது" என்றார்.

வண்ணம் பார்ப்பவர்க்கு உரியது. பொருத்தம் அமர்ந்து செல்பவர்க்கு உரியது. ஆகவே முதலில் பொருத்திப் பாருங்கள், பிறகு பூசுங்கள்.