வலது குறைந்த எம் பிள்ளைகளும் அமெரிக்கப் பாடசாலைகளும்

அண்மையில் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் எமக்கு அறிமுகமான குடும்பமொன்றின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். குளிர்சாதனப் பெட்டியின் மேல் மூன்று கடிதங்கள் பிரிக்கப்படாமலே கிடந்தன. மூன்றும் மகன் படிக்கும் அரசாங்கப் பாடசாலையிலிருந்து வந்தவை. ஊரிலிருந்து புறப்பட்டு இடையில் இரு நாடுகளில் தங்க நேர்ந்த காலத்தில் அப்பையனின் காதில் சீழ் வடிந்தது. தக்க வைத்தியம் கிடைக்கவில்லை. இப்போது அவனுக்கு ஏழு வயது. இடது காது அநேகமாகக் கேட்பதில்லை.

"ஆங்கிலம் வராதபடியால்தான் பேசாமல் இருக்கிறான் என்று ரீச்சர் முதலில் நினைத்தா. நாங்களும் விட்டுவிட்டோம். காது விஷயம் வெளியில் தெரிந்தால் எங்கள் கேஸுக்குப் பாதிப்பு வரும் என்று ஓராள் சொன்னார்" என்றார் தாயார்.

அந்த 'ஓராள்' எல்லா ஊர்களிலும் இருக்கிறார். அவருடைய சட்ட அறிவால் எம்மவர் பட்ட நட்டம் கொஞ்சமன்று. புகலிட மனுவில் ஆராயப்படுவது துன்புறுத்தல் பற்றிய அச்சமேயன்றிப் பிள்ளையின் செவியன்று. அரசுக்குப் பாரமாகக்கூடியவர்களைத் தடுக்கும் குடிவரவு விதியிலிருந்து அகதிகளுக்கும் புகலிடம் பெற்றோருக்கும் சட்டமே விலக்களித்துள்ளது. பத்திரமில்லாத பிள்ளைகளைக் கூட அரசாங்கப் பாடசாலைகள் தள்ளிவைக்க முடியாதென அமெரிக்க உயர் நீதிமன்றம் 1982இல், ரெக்சஸ் மாநிலத்திலிருந்து வந்த வழக்கொன்றில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது.

இவ்விடயத்தில் இரு சட்டங்களைப் பெற்றோர் வேறுபடுத்தி அறிந்திருத்தல் அவசியம். முதலாவது, 1973ஆம் ஆண்டின் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு. இது ஒரு குடியுரிமைச் சட்டம். சமஷ்டி அரசின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் வலது குறைந்தவரை ஒதுக்கலாகாது என்பது இதன் சாரம். சலரோகமுள்ள பிள்ளை வகுப்பு நேரத்தில் இரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கும், எழுதக் கை நடுங்கும் பிள்ளைக்குப் பரீட்சையில் மேலதிக நேரம் கிடைப்பதற்கும், காது மந்தமான பிள்ளையை முன்வரிசையில் இருத்துவதற்கும் இதுவே ஆதாரம். மற்றையது, 1975 நவம்பர் 29ஆம் திகதி ஜனாதிபதி ஃபோர்ட் கையொப்பமிட்ட விசேட கல்விச் சட்டம். மூன்று வயது தொடங்கி இருபத்தொரு வயது வரையுள்ள தகுதி பெற்ற பிள்ளைக்குக் கட்டணமின்றி, அவரவர் தேவைக்கேற்ற தனித்திட்டம் எழுத்தில் வகுக்கப்பட வேண்டுமென இது கூறுகின்றது. அத்திட்டத்தை வகுக்கும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். விருந்தினராக அழைக்கப்படுவதாக எம்மவர் பலர் எண்ணி, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு நன்றி சொல்லி வருகின்றனர்.

504ஆம் பிரிவு காகிதத்தில் பிறந்தும் நான்கு ஆண்டுகள் நடைமுறைக்கு வரவில்லை. விதிகளை வெளியிட அரசு தயங்கியது. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள சமஷ்டிக் கட்டடத்தினுள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சக்கர நாற்காலிகளுடனும் ஊன்றுகோல்களுடனும் புகுந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேற மறுத்தனர். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் அவர்களுக்குச் சமைத்த உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஏப்ரல் 28ஆம் திகதி விதிகளில் கையொப்பம் விழுந்தது.

அப்போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன். இவரது பெற்றோர் ஜேர்மனியிலிருந்து வந்த யூதர். உறவுகளை நாஸிகளிடம் பறிகொடுத்தவர்கள். இளம்பிள்ளை வாதத்தால் நடக்கவியலாது போன மகளை ஐந்து வயதில் புரூக்ளினில் பாடசாலைக்கு அழைத்துச் சென்றபோது, சக்கர நாற்காலி தீ விபத்தின்போது ஆபத்தாகும் எனக் காரணங்காட்டி அவளைச் சேர்க்க மறுத்தனர். புதிய நாட்டில் வாயை மூடிக்கொண்டிருப்பதே பாதுகாப்பு என்று அத்தாய் இருந்துவிடவில்லை, கேட்டுக்கொண்டேயிருந்தார். மகள் பின்னர் 1970இல் ஆசிரியப் பத்திரம் மறுக்கப்பட்டபோது நியூயோர்க் கல்விச் சபை மீதே வழக்குத் தொடுத்து ஆசிரியையானார். 1993 முதல் 2001 வரை சமஷ்டிக் கல்வித் திணைக்களத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பாக இருந்தவரும் இவரே. 2023இல் காலமானார்.

இனி, எமது நண்பர் வீட்டுக் கடிதங்களுக்கு வருவோம். மூன்றையும் அன்றிரவே பிரித்தோம். ஒன்று செவிப் பரிசோதனை முடிவு. இன்னொன்று கூட்ட அழைப்பு. மூன்றாவது, முழுமையான பரிசீலனைக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கும் படிவம். சம்மதம் கொடுத்த நாளிலிருந்தே கால எல்லை ஓடத் தொடங்குகின்றது. மாநிலம் வேறு விதித்திராவிடின் அது 60 நாள். பெட்டியின் மேல் கிடந்த மாதங்கள் எந்தக் கணக்கிலும் சேரவில்லை.

தமிழில் கேட்கலாமா என்று தாயார் வினவினார். கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கூட்டத்தில் நடப்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது பாடசாலையின் கடமை. பத்து வயது அக்காவை அருகில் இருத்தி மொழிபெயர்க்கச் செய்வது அதற்கு ஈடாகாது. தம்பியின் குறைகளை அவள் வாயால் சொல்லவைப்பது அவளுக்கும் கொடுமை. பிள்ளையைச் சோதிப்பதும் இயன்றவரை அவனது தாய்மொழியிலேயே நடக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாமையை மட்டும் வைத்து ஒரு பிள்ளையை வலது குறைந்தவன் எனத் தீர்மானிக்க முடியாது. அதேபோல், ஆங்கிலம் பிடிபடட்டும் பார்ப்போம் என்று பரிசீலனையைத் தள்ளிப்போடவும் இடமில்லை. எம் பிள்ளைகள் அதிகம் அகப்படுவது இந்த இரண்டாவது குழியிலேயே.

பாடசாலையின் முடிவை ஏற்காவிடில், அதன் செலவிலேயே வெளியார் ஒருவரின் பரிசீலனையைக் கோரலாம். 504ஆம் பிரிவு மீறப்பட்டால் கல்வித் திணைக்களத்தின் குடியுரிமை அலுவலகத்துக்கு 180 நாட்களுக்குள் முறையிடலாம். ஆயினும் 2025 மார்ச்சில் அவ்வலுவலகத்தின் 12 பிராந்தியக் கிளைகளில் ஏழை மூடுவதாக அறிவிக்கப்பட்டதை மறைப்பதற்கில்லை. உரிமை ஏட்டிலிருந்து அழிந்துவிடவில்லை; கதவுகள்தாம் குறைந்துள்ளன. மாநிலக் கல்வித் திணைக்களத்துக்கு முறையிடும் வழி உண்டு. எதுவாயினும் வாயால் கேட்பதை விட்டுக் கடிதத்தில் கேளுங்கள். திகதி இட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தாயார் சம்மதப் படிவத்தில் அன்றிரவே ஒப்பமிட்டார். கீழே, தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என ஒரு வரி எழுதித் தரும்படி கேட்டார். நாம் எழுதிக் கொடுக்கவில்லை. சொல்லச் சொல்ல அவரே ஆங்கிலத்தில் எழுதினார். சற்று நேரமெடுத்தது. பையன் மேசையருகே நின்று, எம் வலப்பக்கமாக வந்து, தன் நல்ல காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்.