‘தண்ணீர்’ புதினத்தில் பம்பும் காரும்

உள்ளுறை என்பது தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்பது தொல்காப்பிய நெறி. அக்கருப்பொருள்களுள் மரமும் புள்ளும் மட்டுமல்ல, மனிதன் கையால் செய்துகொண்ட பறையும் யாழும் அடங்கும். ஆகவே, இக்காலப் புதினத்தில் பொறிகள் உட்பொருள் உணர்த்துவதை மேலைநாட்டு வரவு என்று மட்டும் கருத வேண்டுவதில்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ (1973) இதற்குத் தக்க சான்று.

குடிநீர் வறண்ட சென்னையில் ஒரு தெரு. அங்கு வாழும் ஜமுனா, திரைப்பட வாய்ப்பை நம்பிப் பாஸ்கர் ராவிடம் தன்னை இழந்தவள். அது பொறாத தங்கை சாயா விடுதிக்குச் சென்றுவிடுகிறாள். ‘தண்ணீர் எதன் குறியீடு?’ என்று வகுப்பில் வினவினால், ‘அன்பு’ என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இப்புதினத்தில் தண்ணீர் முதலில் தண்ணீர்தான். சமைக்கவும் குளிக்கவும் இல்லாமல் மக்கள் அல்லாடும் தண்ணீர். அந்த அல்லாட்டத்தை உணர்ந்த பின்னரே உட்பொருள் துலங்கும்.

கைப்பம்பை நோக்குக. எவ்வளவு அடித்தாலும் இரும்பின் ஓசைதான் மிச்சம். அடிக்காமல் இருக்கவும் இயலாது. உழைப்புக்கும் பயனுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோனதை அப்பொறி காட்டுகிறது. பாஸ்கர் ராவின் காரோ கை நோக வைப்பதில்லை. வாசலில் வந்து நிற்கும்; ஏறினால் போதும். போகும் திசையை முடிவு செய்பவள் மட்டும் ஜமுனா அல்லள்.

இத்தகையவள் கதையை மாணவர்க்குப் பாடமாக வைக்கலாமா என்று பெரியோர் சிலர் தயங்கக்கூடும். தயக்கம் இயல்பே. எனினும் ஆசிரியர் அவளுக்காக வாதாடவுமில்லை, அவளை இழித்துரைக்கவுமில்லை. உயிர்விடத் துணிந்த அவளை மீட்பவர் டீச்சரம்மா. வயதில் மிக மூத்த கணவனையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டே தண்ணீரும் சுமப்பவர். அவர் அறம் உரைப்பதில்லை. தாம் பட்டதைச் சொல்கிறார், அவ்வளவே. அதன்பின் ஜமுனாவின் கையில் குடம் வேறு பொருள் பெறுகிறது. தன் துயரையே எண்ணியிருந்தவள் தெருவின் தண்ணீர்ப்பாட்டிலும் பங்கு கொள்கிறாள்.

இறுதியில் கார் மீண்டும் வருகிறது. அப்போது அவள் கருவுற்றிருக்கிறாள். தண்ணீர்ப் பஞ்சமும் தீர்ந்தபாடில்லை. பாஸ்கர் ராவ் அழைக்கிறான். அவள் ஏற மறுக்கிறாள்.