ஆறாவது அறிவும் விலங்குயிரும்

உயிர்களை அறிவின் அளவால் ஆறாகப் பகுக்கும் தொல்காப்பிய மரபு தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. விலங்குக்கு ஐந்தறிவு, மனிதனுக்கு ஆறறிவு, அந்த ஆறாவது அறிவே பகுத்தறிவு என்று நம் வகுப்பறைகளில் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றோம். அண்மையில் எம் முன்னாள் மாணவியும் இந்நாள் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியையுமான ஒருவர் ஒரு விடைத்தாளுடன் எம்மைக் காண வந்தார். ஆறறிவுயிர்க்கு எடுத்துக்காட்டுத் தருக என்னும் வினாவுக்கு மாணவர் ஒருவர் 'மனிதன், யானை' என எழுதியிருந்தார். தவறு எனக் குறித்த ஆசிரியையிடம், "யானை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கிறதே, அதற்கு மனம் இல்லையா?" என்று அம்மாணவர் கேட்டுவிட்டார். ஆசிரியைக்கு அன்று தொடங்கிய ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மூலத்திலிருந்து தொடங்குவோம். பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், தொடுவுணர்வு, சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என அறிவைப் படிப்படியாக அடுக்குகின்றது. புல்லும் மரமும் ஓரறிவின. நத்தை போல்வன ஈரறிவின. சிதலும் எறும்பும் மூவறிவின. நண்டும் தும்பியும் நான்கறிவின. ஆறாவதாக அது கூறுவது மனம். பகுத்தறிவு என்னும் சொல் அங்கு இல்லை. அச்சொல்லுக்கு இன்றுள்ள செல்வாக்கு பெரிதும் 20ஆம் நூற்றாண்டில் பகுத்தறிவு இயக்கம் தந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தது முதல் அவ்வியக்கம் வேரூன்றிய நம் மண்ணில், ஆறாவது அறிவு என்றவுடன் பகுத்தறிவு என்று நா தானாகச் சொல்வதில் வியப்பில்லை. ஆயினும் மனம் வேறு, பகுத்தறிவு வேறு. நினைத்தல், அஞ்சுதல், எதிர்பார்த்தல், வருந்துதல் ஆகியனவும் மனத்தின் தொழில்களே. அவற்றை எல்லாம் விலங்குக்கு மறுத்துவிட முடியுமா?

உரையாசிரியர்கள் மறுக்கவில்லை. ஒருசார் விலங்கும் ஆறறிவுடையன என்னும் கருத்தமைந்த நூற்பா இளம்பூரணர் உரையில் காணப்படுகின்றது. அதற்கு அவர் கிளி, குரங்கு, யானை முதலியவற்றை எடுத்துக்காட்டுகின்றார். அவருக்குப் பின்வந்த பேராசிரியர் சற்றே தயங்குகின்றார்; மனவுணர்வுடைய குரங்கு முதலிய விலங்குகள் இருப்பின் அவையும் ஆறறிவுயிருள் அடங்கும் என்பது அவர் கொள்கை. 'இருப்பின்' என்னும் அந்த ஒரு நிபந்தனையை இன்றைய ஆய்வாளர் ஒருவரும் மறுக்கமாட்டார்.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. ஐந்தறிவின் வரிசையில் 'மா'வை மட்டும் தொல்காப்பியம் வைக்கவில்லை, 'மாக்களை'யும் உடன்வைக்கின்றது. மனவுணர்வு இல்லாத மாந்தர் மாக்கள் எனப்பட்டனர். விலங்கிற் சில மேலே ஏறுகின்றன. மாந்தருட் சிலர் கீழே இறங்குகின்றனர். இனத்துக்கு இனம் சுவர் எழுப்பும் பாகுபாடாக நாம் கற்பித்து வந்தது, நூலில் இருவழியும் திறந்த வாயிலாக உள்ளது.

இவ்வாறு கூறுவதால், தொல்காப்பியர் இன்றைய விலங்கியலை அன்றே கண்டுவிட்டார் என்று மேடைகளில் முழங்கும் போக்குக்கு நாம் துணைபோவதாகக் கருத வேண்டா. எறும்பு மூவறிவுயிர் என்றால் அதற்குக் கண்ணில்லை என்றாகும். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு. புலன்களால் உயிர்களை வகுக்கும் முறையும் தமிழுக்கே உரியதன்று. சமண சமயத்தார் அம்முறையை விரிவாகப் பேசினர். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர்களை மனமுடையவை, மனமற்றவை எனவும் பிரிக்கின்றது. இவ்வொற்றுமையைக் கொண்டே தொல்காப்பியர் சமணர் என்று வையாபுரிப்பிள்ளை வாதிட்டார், மறுத்தோரும் பலர். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டியதில்லை.

அறிவைப் பற்றிய வினா இவ்வாறாக, ஆன்மாவைப் பற்றிய வினா வேறு வகையினது. நாம் வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தபோது, மெய்யியல் பயின்ற நண்பர் ஒருவர், "உங்கள் மரபில் விலங்குகளுக்கு ஆன்மா உண்டா?" என வினவினார். அவ்வினாவைத் தமிழில் எண்ணிப் பார்த்தபோது அது வினாவாகவே நிற்கவில்லை. தமிழில் உயிர் என்பது வாழ்தலையும் குறிக்கும். உடலில் நின்று அறிவதையும் குறிக்கும். வாழும் பொருளையும் குறிக்கும். 'உயிருக்கு உயிர் உண்டா' என்று கேட்பதெங்ஙனம்? மேலை மரபிலும் தொடக்கத்தில் இந்நிலையே இருந்தது. அரிஸ்டாட்டில் செடிக்கு வளரும் ஆன்மாவையும், விலங்குக்கு உணரும் ஆன்மாவையும், மனிதனுக்குச் சிந்திக்கும் ஆன்மாவையும் வகுத்தார். ஆன்மாவைச் சிந்தனையோடு ஒன்றாக்கி, விலங்கைப் பொறியெனக் கொண்டவர் டேக்கார்ட். 1637இல் வெளிவந்த அவரது நூலுக்குப் பின்னரே நண்பரின் வினா இத்துணைக் கூர்மை பெற்றது எனலாம். 1871இல் டார்வின், மனிதர்க்கும் உயர்விலங்குகளுக்கும் இடையேயுள்ள மனவேறுபாடு அளவால் அமைந்ததே அன்றித் தன்மையால் அமைந்ததன்று என எழுதினார்.

சைவ சித்தாந்தம் இதனை வேறு வழியில் விளக்குகின்றது. உயிர்கள் பல, அனைத்தும் அறிவுப் பொருள்கள், அனைத்தையும் ஆணவம் மறைத்துள்ளது. புழுவின் உயிரும் புலவனின் உயிரும் இயல்பால் ஒன்றே. வேறுபடுவது வினைக்கேற்ப வாய்த்த உடலும் கருவி கரணங்களுமே. மாயையை இருளில் ஏற்றிய விளக்காக உமாபதி சிவாசாரியார் காண்பார். அவ்வுவமையை நீட்டினால், விலங்குடல் சிறுவிளக்கு எனலாம். திருவானைக்காவில் இறைவனுக்கு வலைப்பந்தர் இழைத்த சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்ததைப் பெரியபுராணம் பேசுகின்றது. வரலாறாகக் கொள்ளாதார்க்கும் இதன் கொள்கை தெளிவு: அரசனின் உயிரும் சிலந்தியின் உயிரும் வெவ்வேறு உயிர்களல்ல.

இனி இளம்பூரணரின் மூன்று எடுத்துக்காட்டுகளுக்கு மீள்வோம். வீட்டுக் கூண்டிலும் தெருக்கூத்திலும் கோயில் முற்றத்திலும் மனிதரோடு நெருங்கி வாழ்ந்த உயிர்கள் அவை. ஏட்டைக் காட்டிலும் கண்ணே அவருக்குச் சான்றாக இருந்திருக்க வேண்டும். அம்மூன்றையுமே பிற்கால அறிஞரும் நாடினர் என்பது சுவையான உடனிகழ்வு. 1977இல் ஐரீன் பெப்பர்பெர்க் பயிற்றத் தொடங்கிய ஆப்பிரிக்கச் சாம்பற்கிளியாகிய அலெக்ஸ், நிறம், வடிவம் ஆகியவற்றின் பெயர்களைக் கூறியது. ஆறு வரை எண்ணியது. இரு பொருள்கள் எதனால் ஒத்துள்ளன, எதனால் வேறுபடுகின்றன என்பதற்கும் விடை தந்தது. 2007இல் அது இறந்தது.

குரங்குக்கு நம் அண்மையிலேயே சான்றுண்டு. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் உதவி இயக்குநராக இருந்த கார்னர், 1937 முதல் பெரோக் குரங்குகளைத் தாவரச் சேகரிப்பில் ஈடுபடுத்தினார். கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கப்படும் இனம் அது. மலாய்மொழிக் கட்டளை கேட்டு நெடுமரங்களின் உச்சியேறி, அவர் சுட்டிய மலரையும் காயையும் அக்குரங்குகள் பறித்துத் தந்தன. நம் தோட்டப்புற முதியோர் பலர் இதைக் கேட்டால், "இதற்கு ஆராய்ச்சி வேறு வேண்டுமா?" என்பர்.

யானை ஹேப்பியின் செய்தியோ நீதிமன்றம் வரை சென்றது. நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில், நெற்றியில் இடப்பட்ட குறியைக் கண்ணாடியிற் கண்டு அது துதிக்கையால் தன் நெற்றியைத் தடவியதாக 2006இல் ஆய்வாளர் அறிவித்தனர். தன்னைத் தானென அறிதலுக்கு அது சான்று எனப்பட்டது. அதன் விடுதலை வேண்டித் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு வழக்கை நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் ஐவர்க்கு இருவர் என்னும் தீர்ப்பால் தள்ளியது. யானையின் அறிவை நீதிபதிகள் ஐயுறவில்லை; அவ்வுரிமை மனிதர்க்கே உரியது என்றனர். கண்ணாடிச் சோதனையிலும் குறையுண்டு. மோப்பத்தால் உலகை அறியும் நாய் அதில் தேறுவதில்லை. 2019இல் சிறுமீன் ஒன்று தேறியதாக அறிவிக்கப்பட்டது. ஒரே புலனை அளவுகோலாக்குவதன் இடர் இது. அறிவுக்கு அறிவு புலனை வேறுபடுத்திய மரபியலாரை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகின்றது.

நண்டுக்கும் இப்போது முறை வந்துள்ளது. விலங்குகளின் உணர்வுநிலை குறித்து 2022இல் பிரித்தானியா இயற்றிய சட்டம், முதுகெலும்புடையவற்றோடு நண்டு, இறால், எண்காலி ஆகியவற்றையும் உணர்வுடைய உயிர்களாக ஏற்றது.

ஆசிரியைக்கு நாம் கூறியது இவ்வளவே: யானை என்ற விடைக்கு இளம்பூரணர் சான்று, ஆகவே மதிப்பெண் அளிக்க வேண்டும். மனிதன் மட்டும் என எழுதியவர்களின் விடையும் தவறன்று. ஆனால் ஆறாவது அறிவு மனம் என்பதை வகுப்பில் திருத்திச் சொல்லிவிடுதல் நன்று. அவ்வாறே செய்ததாகப் பின்னர்த் தெரிவித்தார். மாக்கள் என்று தொல்காப்பியம் யாரைச் சொல்கிறது என்பதே அம்மாணவரின் அடுத்த வினாவாம்.